ஒரு ரேஷன் அட்டை, மூன்று பெண்கள்: தர்மபுரி வீடொன்றில் நலத்திட்டங்கள் செய்ததும் செய்யாததும்

அட்டையில் எட்டுப் பெயர். குடும்பத் தலைவர் என்று இருப்பது மூத்த மகன். பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்க்கும் அவர் ஊரில் இருப்பது மாதத்தில் நாலைந்து நாள். அடுத்து அவர் மனைவி, கல்லூரிக்குப் போகும் மகள், ஒன்பதாவது படிக்கும் மகன். பிறகு இளைய மகன், அவர் மனைவி, அவர்களுடைய பையன். கடைசியில் இவர்கள் எல்லோரையும் வைத்துக் காப்பாற்றும் மாமியார், கணவரை இழந்தவர்.

2023-இல் குடும்பத் தலைவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்கத் தொடங்கியபோது இந்த எட்டுப் பெயருக்கு நடுவே ஒரு கேள்வி எழுந்தது. அட்டைக்கு ஒரு குடும்பத் தலைவிதான். இங்கே யார் அது?

மேலே போகுமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது ஒரே வீட்டின் கதை அல்ல. பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து ஊர்களில் சாதாரணமாகக் காணக்கூடிய நிலைமைகளை ஒரு கூரைக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். அதனால் ஆட்களுக்குப் பெயர் இல்லை, உறவுமுறை மட்டும். திட்டங்கள், ஆண்டுகள், தொகைகள் நிஜமானவை.

பின்னணி

பெண்களுக்கான அரசுத் திட்டம் எது வந்தாலும் தர்மபுரிப் பெயர் எங்காவது வந்துவிடும். 1989-இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் முதலில் இங்கேதான் தொடங்கியது. அன்றைக்குக் கிருஷ்ணகிரியும் இதே மாவட்டம், பிரிந்தது 2004-இல். இன்று மாநிலம் முழுக்க இருக்கும் சுய உதவிக் குழுக்களுக்கு நாற்றங்கால் இந்த மானாவாரி மண். பெற்றவர்கள் வேண்டாம் என்று நினைக்கும் பெண் குழந்தையை அரசிடம் ஒப்படைக்க வழிசெய்து 1992-இல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் விரிவாக்கப்பட்டபோது தர்மபுரியும் பட்டியலில் இருந்தது. 2023 ஜூலை 24-ஆம் தேதி உரிமைத் தொகை விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கிவைத்த இடம் தொப்பூர். அதே ஆண்டு ரேஷனில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுத்துப் பார்க்க எடுத்துக்கொண்டதும் நீலகிரியையும் தர்மபுரியையும்தான்.

இதில் பெருமைப்பட எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு சங்கடமும் இருக்கிறது. தொட்டில் இங்கே வந்ததற்குக் காரணம் பெண்சிசுக் கொலை. 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள். 2011-இல் அது 913 ஆனது. அந்த ஏற்றம் சாதாரணமானதல்ல. ஆனால் அதற்குப் பிறகும் கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லும் ஸ்கேன் கும்பல்கள் இந்த மாவட்டத்தில் பிடிபட்டுக்கொண்டுதான் இருந்தன. 2011-இல் எழுத்தறிவில் மாநிலத்திலேயே கடைசி மாவட்டமும் இதுவே; பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு அறுபது பேர்.

மாமியார்: சங்கத்தில் சேர்ந்த தலைமுறை

மாமியார் சங்கத்தில் சேர்ந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அப்போது குழு என்று யாரும் சொல்லவில்லை, சங்கம்தான். வாரம் ஒருமுறை புளியமரத்தடியில் உட்கார்ந்து சேமிப்புப் போடுவார்கள். பெருவிரல் வைத்துக்கொண்டிருந்தவர் கையெழுத்துப் போடப் பழகியது அங்கேதான். வங்கி வாசலை முதலில் மிதித்ததும் சங்கத்தின் பேரில். பிறகு சங்கத்தை முன்னின்று நடத்தும் ஊக்குநராகவும் இருந்தார்.

சங்கக் கடனில் ஒரு கறவை மாடு வாங்கினார்கள். கடன் அவர் பெயரில், மாட்டுக்குப் புல் அறுப்பதும் சாணி அள்ளுவதும் பால் கறப்பதும் அவர். பால் சொசைட்டி அட்டை மட்டும் கணவர் பெயரில். பத்து நாளைக்கு ஒருமுறை பட்டுவாடாவை வாங்கி வந்தவரும் கணவர். தவணை கட்ட வேண்டிய நாளில் மட்டும் “உன் சங்கத்துக் கடன்” ஆகிவிடும். இதைச் சொல்லும்போது மாமியாருக்குக் கோபம் வருவதில்லை, சிரிக்கிறார். “கடன் என்னுது, மாடு ஊட்டுது, காசு அவருது.”

சங்கம் அவரை மாற்றவில்லை என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. ஊராட்சி அலுவலகத்தில் நின்று பேச, மனு எழுதிக் கொடுக்க, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ஒரு பெண்ணுக்காகக் கேட்க அவர் அங்கே கற்றார். வீட்டுக்கு வெளியே அவருடைய இடம் பெரிதாகிவிட்டது. வீட்டுக்குள் அடுப்பும் மாடும் முன்பு யாரிடம் இருந்தனவோ அவரிடமே இருந்தன. பின்னால் வந்த திட்டங்களிலும் இதே ஓட்டத்தைப் பார்க்கலாம்.

அதே 1989-இல்தான் தமிழ்நாட்டில் மகளுக்குப் பரம்பரைச் சொத்தில் சம பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். இந்த வீட்டில் இரண்டரை ஏக்கர் புஞ்சை. கட்டிக்கொடுத்த மகள் பங்கு கேட்கவில்லை, யாரும் கொடுக்கவுமில்லை. “அண்ணன் தம்பி உறவு வேணுமில்ல?” என்பதோடு சட்டம் முடிந்துபோயிற்று. குழு, உதவித்தொகை, மதிய உணவு எல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டன. நிலத்துக்குள் எதுவும் போகவில்லை.

அந்த மகளுக்கு 2012-இல் கல்யாணம். பத்தாவது முடித்திருந்ததால் திருமண நிதியுதவி 25,000 ரூபாயும் தாலிக்கு நான்கு கிராம் தங்கமும் கிடைத்தன. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான அந்தத் திட்டமும் 1989-இல் பிறந்ததே; தங்கம் சேர்ந்தது 2011-இல். தாலி வாங்க அரசு பணம் கொடுப்பதா என்று முகம் சுளித்தவர்களில் நானும் உண்டு. ஆனால் பத்தாவது வரை படிக்க வேண்டும், பதினெட்டு முடிந்திருக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகள் அந்தப் பெண்ணைப் பள்ளியில் பிடித்து வைத்தன. “பத்தாவது எழுதட்டும், தங்கம் வரும்” என்று மாமியாரே கணவரிடம் வாதாடியிருக்கிறார். சரியான வேலையைத் தவறான பெயரில் செய்த திட்டம் அது.

மூத்த மருமகள்: தலைவி ஆனவர்

உரிமைத் தொகைக்கு விதிகள் இப்படி: வயது 21 ஆகியிருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நிலம் ஐந்து ஏக்கர் நஞ்சை அல்லது பத்து ஏக்கர் புஞ்சைக்குள், மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள். அட்டையில் தலைவராக ஆண் இருந்தால் அவர் மனைவியே குடும்பத் தலைவி. ஆக, பெண்ணைத் தலைவியாக்கும் திட்டத்தில் தலைவி யார் என்று தீர்மானித்தது ஆண் பெயர் எழுதியிருந்த கட்டம். மூத்த மகன் தலைவர், எனவே மூத்த மருமகள் தலைவி. மாமியார் வாங்குவது முதியோர் ஓய்வூதியம், அதனால் அவருக்கு இல்லை. ஓய்வூதியம் வாங்குவோர் உள்ள குடும்பத்துக்கே கிடையாது என்று முதலில் சொல்லப்பட்டதில் வீடு ஒரு வாரம் வாடிக் கிடந்தது. ஆகஸ்டில் அதைத் தளர்த்தினார்கள்.

2023 செப்டம்பர் 15-இல் காஞ்சிபுரத்தில் திட்டம் தொடங்கியது. ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதம் ஆயிரம். மூத்த மருமகள் கணக்கிலும் ஏறியது. அவருக்குத் தெரிவதற்கு முன்பே பெங்களூரில் இருந்த கணவருக்குத் தெரிந்துவிட்டது. கணக்குத் தொடங்கிய காலத்தில் வீட்டில் இருந்தது ஒரே ஃபோன். வங்கியில் கொடுத்த எண் அதுதான். மாதாமாதம் குறுஞ்செய்தி அங்கே போகும், அங்கிருந்து அழைப்பு வரும்: “ஆயிரம் ஏறிருச்சு, சிலிண்டர் வாங்கிரு.”

முதல் ஐந்து மாதத்தில் வேறொன்றும் நடந்தது. கணவர் அனுப்பும் பணத்தில் மாதம் ஐந்நூறு, எழுநூறு குறையத் தொடங்கியது. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அவருக்கும் அங்கே வாடகை, சாப்பாடு, மேஸ்திரி பாக்கி. வீட்டில் ஒரு வரவு இருக்கிறது என்று தெரிந்ததும் கை தானாகச் சுருங்கியது. சிலிண்டர், பையன் நோட்டுப் புத்தகம், குழுத் தவணை ஆகியவை “உன் ஆயிரத்துல” என்ற கணக்குக்கு மாறின. குழு என்றால் இப்போது மகளிர் திட்டக் குழு மட்டுமல்ல. வாரத் தவணைக்கு வாசலில் பைக்கை நிறுத்தும் தனியார் நிதி நிறுவனக் குழுவும் குழுதான். ஆயிரத்தில் பாதி அந்தப் பைக்கில் ஏறிப் போகிறது.

இதை வைத்து “ஆயிரத்தால் ஒன்றும் ஆகாது” என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டாஸ்மாக் கணக்கைக் காட்டி இந்தக் கையில் கொடுத்து அந்தக் கையில் வாங்குகிறார்கள் என்பதும் பேருந்து நிறுத்தத்தில் பேசி முடிக்கிற வாதம். தன் பெயரில் தவறாமல் வரும் வரவு மூத்த மருமகளுக்கு இதற்கு முன் இருந்ததே இல்லை. நூறு நாள் வேலையில் கூலி உண்டு, 2024-25-இல் நாளுக்கு 319 ரூபாய் என்று அறிவிப்பு. ஆனால் வேலை வரும்போதுதான் வரும், பணம் அதற்கும் பிந்தி வரும். காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம் என்று வருகைப் பதிவு செயலிக்கு மாறியபின், களி கிண்டி வைத்துவிட்டுச் சற்றுத் தாமதமாக ஓடி வருபவருக்கு அன்றைய வருகை போய்விடுகிறது. தளப் பொறுப்பாளரிடம் முன்பு ஒரு வார்த்தை சொல்லிச் சமாளிக்கலாம், செயலியிடம் என்ன சொல்வது?

நூறு நாள் வேலையில் இன்னொரு விஷயமும் கண்ணில் படுகிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பது கடலை பிடுங்குவதிலும் களை எடுப்பதிலும் இல்லாத நியாயம். ஆனால் பெங்களூர்ச் சென்ட்ரிங் கூலியில் அது பாதிகூட வராது. எனவே ஆண் அங்கே, பெண் இங்கே. உள்ளூரில் கிடைக்கும் வேலை பெண்ணை ஊரில் நிறுத்துகிறது, அவள் ஊரில் நிற்பதால் பிள்ளைகள், கிழவி, மாடு, நிலம், ரேஷன் கடை வரிசை எல்லாம் அவள் தலையில். கணவர் வருகிற நாலு நாளும் விருந்தாளி. கறி எடுப்பார்கள்.

அவர் வாழ்க்கையில் அதிகம் மாற்றிய திட்டம் எது என்றால் அவர் ஆயிரத்தைச் சொல்லவில்லை, பஸ்ஸைச் சொல்கிறார். 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. மாநிலத் திட்டக் குழு ஆய்வில் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்றார்கள். அந்தப் பணத்தை இவர் பெரிதாக நினைக்கவில்லை. அம்மா வீட்டுக்குப் போக வேண்டுமானால் முன்பெல்லாம் பஸ்ஸுக்குக் காசு கேட்க வேண்டும், கேட்டால் எதற்கு என்று கேள்வி வரும், கேள்விக்குப் பயந்தே மூன்று மாதம் போகாமல் இருப்பார். இப்போது காலை வண்டியில் போய்ச் சாயந்திர வண்டியில் வந்துவிடுகிறார், யாரிடமும் காசு வாங்காமல். கண்டக்டரின் முணுமுணுப்பு உண்டு, நிறுத்தம் தாண்டி நிறுத்துவதும் உண்டு. ஊருக்கு வருவது நாளைக்கு இரண்டே நடை, தவறவிட்டால் காசு வாங்கும் வண்டிதான். அப்படியும் அது பெரிது. காரணம் கேட்க ஆள் இல்லாமல் வெளியே போவது அந்த வீட்டில் புதுப் பழக்கம்.

இளைய மருமகள்: விதிகளில் விழுந்தவர்

இவருக்குக் கல்யாணம் பதினேழில். பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலை. பருவத்துக்கு வந்த பெண்ணைத் தனியாக விட்டுப் போக பயம். இந்த மாவட்டங்களில் குழந்தைத் திருமணத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் இதுவே, மலைப்பக்கம் இன்னும் அதிகம். 2006-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லோருக்கும் தெரியும். மண்டபத்தில் வைத்தால்தானே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஃபோன் போகும் என்பதும் தெரியும். கோயிலில் முடித்தார்கள்.

முதல் பிரசவம் பதினெட்டில். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, அந்தச் சமயத்தில் 12,000 ரூபாய், 19 வயது ஆனவர்களுக்கு மட்டும். இவருக்குக் கிடைக்கவில்லை. வயதைச் சொல்லப் பயந்து நர்ஸம்மாவிடம் பெயர் பதியாமலே ஐந்து மாதம் ஓட்டினார்கள்; பரிசோதனை, இரும்புச் சத்து மாத்திரை எல்லாம் தள்ளிப்போனது. இளவயதுத் திருமணத்தைத் தடுக்க வைத்த விதி அது. கல்யாணம் செய்துவைத்த நான்கு பெரியவர்களும் எதையும் இழக்கவில்லை. ரத்தசோகையோடு இருந்த பெண்தான் பணத்தை இழந்தார். இந்த விதியை எழுதியவர்களின் நோக்கத்தில் குறை இல்லை, அது யார் மேல் விழும் என்று பார்க்கவில்லை.

உரிமைத் தொகையும் இவருக்கு இல்லை, அதே அட்டையில் ஓரகத்தி வாங்குகிறார். முதல் மாதங்களில் வீட்டுக்குள் நிலவிய மௌனத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை.

இவருக்குக் கிடைத்தது வேறு. 2023 ஆகஸ்ட் 25 முதல் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. சமைப்பது சுய உதவிக் குழுப் பெண்கள். குழுவில் சில ஆண்டுகள் உறுப்பினராக இருக்க வேண்டும், ஆண்ட்ராய்டு ஃபோன் வேண்டும், தன் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும். பையன் அப்போது நான்காம் வகுப்பு. தவணையில் ஃபோன் வாங்கினார், அவருக்கென்று சொந்தமாக வந்த முதல் ஃபோன்.

ஆறு மணிக்குப் பள்ளியில் அடுப்பு எரிய வேண்டும். உப்புமா, கிச்சடி, பொங்கல், கிழமைக்கு ஒன்று. முடித்த நேரத்தைச் செயலியில் பதிய வேண்டும். ஊரில் எத்தனையோ தாய்மார்களுக்குக் காலையில் ஒரு மணி நேரம் மிச்சமாயிற்று. இந்தத் திட்டத்தை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன்: பெண்ணுக்குப் பணம் கொடுத்து “நீயே பார்த்துக்கொள்” என்று சொல்லாமல், அவள் செய்துகொண்டிருந்த வேலையில் ஒன்றை அரசு தானே எடுத்துக்கொண்டது. 1982-இல் சத்துணவு செய்ததும் இதுவே.

ஆனால் இளைய மருமகளின் சொந்த அடுப்பு? அவர் நான்கரைக்கு எழுந்து பாதி வேலை முடித்துவிட்டுப் போகிறார், மீதியை மாமியார் செய்கிறார். பையனைக் குளிப்பாட்டி அனுப்புவதும் மாமியார். கணவர் உள்ளூரிலேயே டிராக்டர் ஓட்டுகிறார், காலை ஏழு வரை வீட்டில் இருப்பவர். காபி கேட்பார். ஒரு பெண் வெளியே போனதும் அவள் வேலை இன்னொரு பெண்ணின் தோளுக்குப் போனது, ஆணைத் தொடாமலே தாண்டிப் போய்விட்டது. ஸ்வீடன் 1974-லேயே பேறுகால விடுப்பைத் தாய் தந்தை இருவருக்கும் பொதுவாக்கியது. அப்படியும் தகப்பன்கள் எடுக்காததால் 1995-இல் தகப்பன் எடுத்தால் மட்டுமே கிடைக்கும் ஒரு மாதம் என்று தனியாக ஒதுக்க வேண்டியிருந்தது. கேட்காமல் ஆண்கள் மாறுவது எங்கும் நடப்பதில்லை போலிருக்கிறது. நம் திட்டங்களில் தேடிப் பார்த்தால் ஆணை ஏதாவது செய்யச் சொல்லும் ஒரு வரி கிடைப்பதில்லை. பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்ட வைப்புத்தொகைக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்திருக்க வேண்டும் என்கிறார்கள். பெற்றோரில் யார் செய்துகொண்டாலும் சரி. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் படுத்திருப்பவர்களைப் பார்த்தால் யார் செய்துகொள்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

ஃபோன் வந்தபின் நடந்த ஒன்று யாருடைய திட்டத்திலும் இல்லாதது. இளையவர் மூத்தவரை வங்கிக்கு அழைத்துப் போய்க் கணக்கில் இருந்த எண்ணை மாற்றினார். மூத்தவருக்குச் சொந்த ஃபோன் இல்லாததால் கொடுத்தது இளையவரின் எண்ணை. இப்போது ஆயிரம் ஏறும் செய்தி ஓரகத்தியின் கைக்கு வருகிறது, பெங்களூருக்கு அல்ல. கணவர் கேட்டால் “இன்னும் ஏறலீங்க” என்று இரண்டு நாள் தள்ளிச் சொல்லலாம். அந்த மௌனம் உடைந்ததும் அப்போதுதான்.

பேத்தி

பேத்தி தர்மபுரி அரசு கலைக் கல்லூரியில் முதலாம் ஆண்டு. பழைய திருமண உதவித் திட்டம் 2022-இல் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம், அவள் கணக்கிலேயே. அத்தைக்குத் தாலிக்கு வந்த அதே இராமாமிர்தம் அம்மையார் பெயர், பேத்திக்குப் படிப்புக்கு வந்திருக்கிறது. பஸ் இலவசம் என்பதால் கல்லூரி போய்வரச் செலவில்லை. “செலவு ஒண்ணுமில்லயே, படிக்கட்டும்” என்பது அவள் அப்பாவின் வாதம். செலவு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யூகிக்கலாம். முடித்ததும் ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போவேன் என்கிறாள். அதற்கு இன்னும் யாரும் சரி சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இப்போது இருக்கும் பிரச்சினை

பையன் ஐந்தாவது முடிக்கிறான். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி, ஆகவே இளைய மருமகளின் சமையல் வேலை அதோடு சரி. சின்னப் பிள்ளை உள்ள வேறொரு தாய்க்குப் போகும். தாய் என்பதால் வந்த வேலை, பிள்ளை வளர்ந்ததும் போகிறது. தேர்ந்த சமையல்காரராகிவிட்டார் என்பது கணக்கில் வராது. இனி அவருக்கு ஒரே வழி உரிமைத் தொகை, அதற்கு அட்டையைப் பிரிக்க வேண்டும். 2023-இல் புதிய அட்டைகள் தேங்கி நின்ற சமயத்தில் கேட்டு அலைந்து விட்டுவிட்டார்கள். தனியாக வசித்துத் தனியாகச் சமைத்தால்தான் தனி அட்டை என்பது விதி. ஒன்றாக இருந்த குடும்பம் ஆயிரம் ரூபாய்க்காகக் காகிதத்திலாவது உடைய வேண்டும். இந்தப் பக்கம் இப்படிப் பிரியும் அட்டைகள் கொஞ்சமல்ல.

பிரிப்பது என்று ஆனதும் வந்த பேச்சு நான் எதிர்பாராதது. மாமியார் பெயர் எந்த அட்டையில்? இருவரும் கேட்டார்கள், தன் அட்டையில் என்று. அவரோடு வருவது 1,200 ரூபாய் ஓய்வூதியம், ஆள் கணக்கில் ரேஷன் அரிசி, அதற்கும் மேலாகப் பிள்ளை பார்க்கவும் சோறாக்கவும் ஒரு ஆள். வயதான தாயை யார் வைத்துக்கொள்வது என்று மகன்கள் ஒதுங்கும் பஞ்சாயத்துகளையே பார்த்த ஊர் இது. அரசு மாதம் 1,200 போட்டதும் அந்தப் பஞ்சாயத்து தலைகீழாகிவிட்டது. மகன்கள் இதில் வாய் திறக்கவில்லை, பேசியது மருமகள்கள்.

மாமியார் இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. பிறகு ரேஷன் கடையில் விற்பனையாளரிடம் தனியாகக் கேட்டிருக்கிறார்: ஒத்தை ஆளுக்கு அட்டை போட முடியுமா? முடியும், தனியாக இருந்து தனியாகச் சமைக்க வேண்டும் என்றார் அவர். மாமியார் சமைப்பது இரண்டு மருமகள்களின் பிள்ளைகளுக்கும் சேர்த்து. மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் தனி அடுப்பு வைக்கலாமா என்று இப்போது பேச்சு ஓடுகிறது. வைத்தால் காலையில் அந்த டிராக்டர்க்காரருக்குக் காபி யார் போடுவது என்பது இன்னும் யாரும் பேசாத விஷயம்.